தெருவுக்குக் கேட்காத பாட்டு

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் எங்கள் கருவடிக்குப்பத்தில் வழக்கமாகச் செய்கிற காரியங்கள் சில உண்டு. மாடியில் ஒரு போர்ஷன் எழுப்பி வாடகைக்கு விடுவார்கள், காசிக்கு டிக்கெட் போடுவார்கள், இல்லையென்றால் தினமும் காலையில் சித்தானந்தர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே உட்கார்ந்து, நேற்று முதலமைச்சர் என்ன செய்திருக்க வேண்டும் என்று விளக்குவார்கள். பணிக்கொடைப் பணம் கணக்கில் ஏறியதும் நான் ஆசைப்பட்டது இரண்டு டவர் ஸ்பீக்கர்களுக்கு. தரையில் நின்று இடுப்புக்கு மேல் வளர்ந்து கூடத்தின் இரண்டு பக்கமும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்குமே, அவை. "அந்தக் காசுக்கு ரெண்டு பீரோ வாங்கினா உள்ள துணியாவது வைக்கலாம்" என்றாள் என் மனைவி. நியாயமான வாதம். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

இந்த ஆசை எங்கே முளைத்தது என்று தேடிக்கொண்டு போனால், இன்றைக்குச் சிவாஜி சிலையும் கொக்கு பார்க் சிக்னலும் ஈ.சி.ஆர். லாரிகளும் நிற்கிற இந்தப் பக்கமெல்லாம் மாவும் முந்திரியும் தென்னையுமாகக் கிடந்த காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. பாரதி உட்கார்ந்து குயில் பாட்டு எழுதினார் என்று ஊரே நம்புகிற தோப்பு எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நாங்கள் அதை மாங்காய் அடிக்கிற இடமாக மட்டும் அறிந்திருந்தோம். பாட்டு என்பது அப்போது எந்த வீட்டுக்கும் சொந்தமானதல்ல, தெருவில் அதுபாட்டுக்கு வரும் போகும். டீக்கடையில் தொடங்கிய பல்லவியைச் சைக்கிளில் வந்தவன் சரணம் வரை நாலு வீட்டு ரேடியோக்களில் தொடர்ச்சி விடாமல் கேட்டுக்கொண்டே போகலாம், ஏனென்றால் எல்லா வீட்டிலும் ஒரே நிலையம்தான். புதுச்சேரி வானொலி 1967 செப்டம்பர் 23-இல் தொடங்கியது. நான் அதைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் ஊரில் அதன் பேச்சுக்கு இருந்த மரியாதை என் பேச்சுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இலங்கை வானொலி பிடிக்கிற நேரங்களில் மட்டும் எங்கள் விசுவாசம் கடல் தாண்டிவிடும். கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசுகிற தமிழைக் கேட்டுவிட்டு மறுநாள் வகுப்பில் அதே குரலில் ஆஜர் சொல்லி அடி வாங்கியவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

அப்பா ஏ.எஃப்.டி. மில்லில் தறி ஓட்டினார். ரோடியர் மில் என்றுதான் அவர் வயதுக்காரர்கள் சொல்வார்கள். நாளெல்லாம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வந்த மனிதருக்கு வீட்டில் ரேடியோவை எந்த அளவு வைத்தாலும் அது மெதுவாகத்தான் கேட்டது. அவர் காதுக்கு ஏற்ப வைத்ததில் தெருவே கேட்டது. யாரும் குறை சொன்னதில்லை. அப்பா இரவு ஷிஃப்ட்டுக்குப் போன நாட்களில், செய்தி கேட்கவில்லையே என்று எதிர்வீட்டுக் கிழவர் வந்து விசாரித்ததுண்டு.

நான் பார்த்த முதல் டவர் ஸ்பீக்கர் சவுண்டு சர்வீஸ்காரருடையது. காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீர், சித்தானந்தருக்குக் குருபூஜை, ஆடி மாதத்துக் கூழ் என்று எதுவானாலும் முந்தின நாள் மாலையில் மாட்டுவண்டியிலோ மூன்று சக்கர சைக்கிளிலோ அவர் வந்து இறங்குவார். குழாய் ஸ்பீக்கர் தென்னைமரத்தில் ஏறும். பந்தலுக்குள் ஆள் உயரத்துக்குப் பாக்ஸ் ஸ்பீக்கர்கள் நிற்கும். அகுஜா ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவர் மைக்கை விரலால் தட்டி ஊதுவார். அந்த ஊதலுக்கே எங்களுக்கு மயிர்க்கூச்செறியும். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, ஆடி என்றால் அடுத்து எல்.ஆர். ஈஸ்வரி. ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து "யாரையும் தொடவுடாம பாத்துக்கடா" என்று பொறுப்பு கொடுத்தால், அன்றைக்குச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகமாட்டோம். பாக்ஸின் முன்வலையில் உள்ளங்கையை வைத்தால் தவில் கையில் வந்து அடிக்கும். பாட்டைக் கையாலும் கேட்கலாம் என்று தெரிந்துகொண்ட அந்த நாளிலிருந்துதான் எனக்கு வியாதி.

தெருக்கோடியில் ஒரு சொல்தா வீடு இருந்தது. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, அங்கிருந்து வரும் பென்ஷனில் இங்கே ராஜாவாக இருந்த மனிதர். அவரிடம் லியோன் நகரத்து தெப்பாஸ் ரெக்கார்டு பிளேயர் ஒன்று இருந்தது. பார்த்தால் சின்னச் சூட்கேஸ். மூடியைக் கழற்றினால் மூடிதான் ஸ்பீக்கர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைத் திண்ணையில் வைத்து தினோ ரோஸ்ஸியைப் பாட விடுவார். ஒரு வார்த்தை புரியாமல் நாங்கள் சுற்றி நின்று கேட்போம். மூடியை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறாரோ அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த வாரம் கௌரவப்பட்டவர்கள். அவருடைய மகன் என் வகுப்பு. இப்போது பாரிஸில் பேரன் பேத்தியோடு இருக்கிறான். என் டவர் ஆசையை வாட்ஸாப்பில் கேள்விப்பட்டதும், "வாங்குறதா இருந்தா ஃபோக்கல் வாங்குடா, 1979-லேர்ந்து சேன்ட் எத்தியேன்ல பண்றான், நம்மாளு" என்றான். நம்மாளு! விலையைப் பார்த்ததும் 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சியைக் கைமாற்றிவிட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போனது சரியான முடிவு என்றே பட்டது.

நேரு வீதிக் கண்ணாடி அலமாரிகளைச் சொல்லாமல் விட்டால் பாவம். யூனியன் பிரதேசம் என்பதால் அப்போது இங்கே விற்பனை வரி குறைவு, டி.வி.யும் டேப் ரிக்கார்டரும் வாங்கக் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஆட்கள் வந்து, அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புவார்கள். உள்ளூர்க்காரர்களான நாங்கள் வாங்கவில்லை, பார்த்தோம். சோனோடைன், காஸ்மிக், பிலிப்ஸ் என்று பெயர்களைக் கோயில் பிராகாரம் சுற்றுகிற பக்தியோடு படித்துக்கொண்டு நடந்து, கடைசிக் கடை வந்ததும் திரும்பவும் முதலிலிருந்து நடப்போம். பிறகு பி.எம்.பி.ஓ. காலம் வந்தது. கையகல டேப் ரிக்கார்டரின் நெற்றியில் 1000 வாட், 1200 வாட் என்று மினுங்கும் ஸ்டிக்கர். அதைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் படித்தால், சுவரிலிருந்து அது இழுக்கிற மின்சாரமே 25 வாட் என்று எழுதியிருக்கும். 25 வாங்கி 1200 கொடுக்கிற அந்த அட்சயபாத்திரத்தை நாங்கள் ஒருபோதும் சந்தேகிக்கவில்லை. யார் வீட்டு செட்டுக்கு வாட் அதிகம் என்று நானே டீக்கடையில் கைகலப்பு வரை போயிருக்கிறேன்.

காசு இல்லாதவன் கதி அசெம்பிள் செட்தான். முத்தியால்பேட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். டி.டி.ஏ. 2030 ஐ.சி. இரண்டைப் போட்டு ஆம்ப்ளிஃபயர் செய்து, டிரான்ஸ்ஃபார்மரை அளவுக்குக் கொஞ்சம் பெரிதாகவே வைத்து, "இது லோடு தாங்கும்" என்பார். அந்த நாட்களில் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. எட்டு இஞ்ச் ஊஃபர் இரண்டு, ட்வீட்டர் இரண்டு, ட்வீட்டருக்கு முன்னால் கனத்த சத்தத்தைத் தடுக்க ஒரு கண்டன்சர். பெட்டிக்கு ஆசாரியிடம் போனேன். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, கோழிக் கூண்டா?" என்றார். உள்ளே அடைக்க அம்மாவின் பழைய தலையணையிலிருந்து இலவம்பஞ்சு. முன்பக்கம் போர்த்த அப்பா மில்லிலிருந்து வாங்கிவந்த கட்பீஸ். 1986-இல் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' வந்தபோது அந்தக் கோழிக் கூண்டுகளில்தான் கேட்டேன். வயலின் கூட்டம் மொத்தமாக எழுந்து வந்தபோது கட்பீஸ் துணி காற்றில் விம்மியது என்று இன்றும் சத்தியம் செய்வேன்.

ஸ்டீரியோ என்றால் என்ன என்பதில் அந்த வயதில் எனக்கு இருந்த தெளிவு தனி. 1978-இல் 'ப்ரியா' பாட்டுகள் ஸ்டீரியோவில் வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பெட்டி இருக்கிறது, வீட்டில் இரண்டு இடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். எனவே ஒன்றைக் கூடத்திலும் இன்னொன்றைச் சமையலறை வாசல் நிலைக்கு மேலும் வைத்தேன். இடப்பக்கத்துக் கிதார் எங்களுக்கு, வலப்பக்கத்துப் புல்லாங்குழல் அம்மாவுக்கு. பல வருஷம் இப்படியே ஓடியது. அம்மா அடுப்படியில் நின்றபடி இடையிசைகளை முணுமுணுப்பார். நான் அறிந்த பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அம்மாவுக்குச் சங்கீத ஞானம் கம்மி என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பெட்டி செய்யவும் வழியில்லாதவர்கள் பானைக்குப் போனார்கள். மண்பானை வாயில் ஸ்பீக்கரை மல்லாத்தி வைத்தால் பேஸ் வயிற்றைக் கலக்கும். சும்மா கையில் பிடித்த ஸ்பீக்கரில் முன்னால் போகிற அலையும் பின்னால் போகிற அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கனத்த சத்தமே காணாமல் போகும். பின் அலையை அடைத்து வைக்க ஏதாவது கூடு வேண்டும். அந்தக் கூடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், துளை எங்கே எவ்வளவு என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் கணக்கு எழுதினார்கள். இன்றைக்கு உலகத்தில் விற்கிற ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. எங்கள் டீக்கடையிலும் அதே ஆராய்ச்சி நடந்தது. பானையில் ஓட்டை போட வேண்டுமா கூடாதா என்று இரண்டு கட்சி. ஓட்டை போட்ட கட்சியின் பானை விரிசல் விட்டதும் ஆராய்ச்சி முடிவுக்கு வந்தது.

கேசட் ரிக்கார்டிங் கடைக்கு ஒரு பாரா கொடுக்காமல் தாண்ட எனக்கு மனசில்லை. கோடு போட்ட தாளில் பாட்டுகளை எழுதி, படத்தின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டு, டி.டி.கே. 60 கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் நாலைந்து நாள் கழித்துத் தயாராகும். அந்தத் தாளை எழுதுகிற சுகம் இருக்கிறதே! ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். எந்தப் பாட்டை அடுத்து எதை வைப்பது, சோகத்துக்குப் பக்கத்தில் குத்துப் பாட்டு வரலாமா என்று பட்ஜெட் தயாரிக்கிற நிதிமந்திரியின் கவலையோடு ராத்திரி விழித்திருப்போம். கடைசியில் இரண்டு நிமிஷம் மிஞ்சும். கடைக்காரர் அதில் தனக்குப் பிடித்த பாட்டைப் போட்டு நிரப்புவார், அது நடுச்சரணத்தில் அறுந்து நிற்கும். இன்றைக்கு அந்தப் பாட்டு செல்போனில் முழுதாக ஓடும்போது, அறுந்த இடத்துக்கு அப்புறம் வருகிற வரிகள் யாரோ பின்னால் எழுதிச் சேர்த்தவையாகவே எனக்குக் கேட்கின்றன.

இப்போது கோடிப் பாட்டு பையில் இருக்கிறது, தாள் எழுத வேண்டாம். மிச்சமான அந்த விழிப்பையெல்லாம் நான் ஸ்பீக்கரில் செலவழித்தேன். டவர் வாங்குவது என்று முடிவானதும் கூடவே ஒரு பிஎச்.டி. தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. சென்சிட்டிவிட்டி 87 டெசிபலா, 90 டெசிபலா? மூன்று டெசிபல்தானே என்று நினைக்கக்கூடாது. 87 ஸ்பீக்கரை 90 ஸ்பீக்கர் அளவுக்குச் சத்தம் போட வைக்க ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறத்தாழ பத்து மடங்கு. 60 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 2 டெசிபல் சொச்சம். வீட்டில் நாம் கேட்கிற அளவுக்குப் பெரும்பாலும் ஓரிரண்டு வாட்டே போதும் என்று படித்தபோது, டீக்கடையில் 1200 வாட்டுக்காக என் சட்டைப் பொத்தானைப் பிய்த்தவனை நினைத்துக்கொண்டேன். பாவம், அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

போல்க் டி50 என்று ஒரு அமெரிக்க டவர் பட்டியலில் இருந்தது. முகத்தில் பெரிதாக மூன்று கூம்புகள், மேலே ஒரு ட்வீட்டர். படித்துப் பார்த்தால் அந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் போகிறது. மற்ற இரண்டும் பெட்டிக்குள் எழும் காற்றழுத்தத்தில் கூடவே ஆடுகின்றன. ஒருவர் வேலை செய்ய, பக்கத்து மேஜைக்காரர் இருவர் அவர் அசைவுக்கு ஏற்பத் தலையாட்டுகிற செக்ஷனில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். அந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்ததைத் திரும்பவும் வீட்டில் எதற்கு? சில டவர்கள் 40,000 ஹெர்ட்ஸ் வரை பாடும் என்று போட்டிருந்தார்கள். மனிதக் காது 20,000-த்தில் நின்றுவிடும். அறுபது வயதுக் காது அதில் பாதி தாண்டினாலே பெரிது. மிச்சத்துக்குக் கோயில் ஆலமரத்து வௌவால்கள்தான் வந்து கேட்க வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் அனைவரும் சொன்னது ஒன்றே: சின்ன அறைக்கு டவர் வேண்டாம். அதே காசுக்குச் சின்ன ஸ்பீக்கர் வாங்கி ஸ்டாண்டில் வை. பெரிய பெட்டிக்குப் போகிற பணம் உள்ளிருக்கும் சாமானுக்குப் போகும். முழுக்க உண்மை. கேட்டுக்கொண்டேன், பின்பற்றவில்லை. பந்தலில் ஆள் உயரம் பார்த்தவனிடம் போய் அலமாரி ஸ்பீக்கர் என்று சொன்னால் எப்படி?

புதுச்சேரியில் கேட்டுப் பார்த்து வாங்க வசதியில்லாததால் சென்னைக்குப் போனேன். ஏ.சி. போட்ட, தரைவிரிப்பு விரித்த அறை. ஷோரூம் பையன் முதலில் போட்டது ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா', 1994-இல் மேடையில் வாசித்தது. உலகத்தில் எந்த ஊர் ஹை-ஃபை கடையில் நுழைந்தாலும் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு இடத்தில் இதுதான் இருக்கிறது. கிதார் முடிந்து டிரம் விழும்போது நம் முகத்தைப் பார்ப்பார்கள். நான் இளையராஜாவைக் கேட்டேன். பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். பையனுக்கு விருப்பமில்லை. "இது பழைய ரிக்கார்டிங் சார், ஸ்பீக்கரோட தரம் தெரியாது" என்றான். இதை நான் ரயிலில் திரும்பும்போதும் யோசித்துக்கொண்டே வந்தேன். பாட்டு தெரிய ஸ்பீக்கரா, ஸ்பீக்கர் தெரியப் பாட்டா? இன்னொன்றும் அங்கே கவனித்தேன். இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிப் போடும்போது எது ஒரு நூல் சத்தமாக இருக்கிறதோ அதுவே உயர்ந்தது என்று மனசு தீர்ப்பெழுதிவிடுகிறது. வாங்கப் போகிறவர்கள் இரண்டையும் ஒரே அளவுக்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியில் வந்தது வார்ஃபடேல். 1932-இல் யார்க்ஷயரில் கில்பர்ட் பிரிக்ஸ் என்பவர் தன் வீட்டு நிலவறையில் தொடங்கிய கம்பெனி. இன்று சீனாவில் தயாராகிறது. அதைத் தேர்ந்தெடுக்க, கூம்பைச் சுற்றி இருப்பது ரப்பர் விளிம்பு என்பதும் ஒரு காரணம். எங்கள் கடல்காற்றில் நுரை விளிம்பு பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் உதிர்ந்து மாவாகிவிடும். செம்புக் கம்பி முனையில் பாசி நிறத்தில் களிம்பு பூக்கும். அதைத் துடைப்பதற்கென்றே எங்கள் மெக்கானிக் அண்ணன் பெட்ரோல் நனைத்த பஞ்சு வைத்திருப்பார்.

ஒன்று 20 கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும் அந்தப் பெட்டிகளைக் கூடத்தில் நிறுத்தியதும் என் மனைவி கேட்ட கேள்வியை எந்த ஷோரூமும் கேட்கவில்லை. "ஃபெஞ்சல் மாதிரி இன்னொரு புயல் வந்தா இதை யாரு தூக்குறது?" 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி அந்தப் புயல் எங்கள் ஊர்ப்பக்கம் கரையேறி, ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டி, கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் வீடுகளில் கட்டில்கூட மிதந்தது. தரையில் நிற்பதுதான் இந்த ஸ்பீக்கரின் பெருமை; வெள்ளத்தில் முதலில் நனைவதும் அதுவே. உடனே கொத்தனாரை வரவழைத்து இரண்டு கனத்த கடப்பைக் கல் துண்டுகளை அறுத்து வரச் சொன்னாள். ஸ்பீக்கருக்குக் கீழே கருங்கல் பலகை வைத்தால் அதிர்வு தரைக்குப் போகாது என்று வெளிநாட்டில் இதற்கென்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். வெள்ளத்துக்காக வைத்த கல்லால் பேஸ் சுத்தமானது. அதற்கும் கீழே செங்கல் வரிசை ஒன்று வேண்டும் என்றாள். ட்வீட்டர் காது மட்டத்துக்கு மேலே போய்விடும் என்று மன்றாடித் தடுத்தேன்.

பேஸ் சுத்தமானது என்றேனே, பாதி அளவுக்கு என்று திருத்திக்கொள்கிறேன். எங்கள் கூடத்தின் அகலம் 10 அடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் வெளியேற வழியில்லாமல் உருண்டுகொண்டே இருக்கும். பேஸ் கிதாரின் 'ஏ' தந்தி 55 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் பேஸ் கிதார் எவ்வளவு சுதந்திரமாக நடமாடும் என்று உங்களுக்குத் தெரியும். அது அந்தத் தந்தியைத் தொடும்போதெல்லாம் இரும்பு பீரோவுக்குள் என் மனைவியின் வளையல் பெட்டி சேர்ந்து வாசித்தது. அறையைக் குற்றம் சொல்லி என்ன பயன்? கான்கிரீட் கூரை, வழவழப்பான டைல்ஸ், கண்ணாடி ஜன்னல் என்று ஒவ்வொரு முன்னேற்றமும் ஒரு எதிரொலி. பழைய ஓட்டு வீட்டில் சுண்ணாம்புச் சுவர், மரச்சட்டம், கீற்றுத் தாழ்வாரம், சுருட்டி வைத்த பாய், கொடியில் துணி எல்லாம் சத்தத்தைக் குடித்துவிடும். கனத்த ஒலி ஓட்டின் இடுக்குகள் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். சங்கீதம் கேட்பதற்கென்றே கட்டியதோ என்னும்படி ஒரு வீடு இருந்தபோது அதில் கோழிக் கூண்டு பாடியது. இப்போது பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி இழுத்து, பின்பக்கத் துளையில் பழைய பனியனைச் சுருட்டி அடைத்து, கனத்த திரைச்சீலை தொங்கவிட்டு, பெங்களூரில் இருக்கும் என் பிள்ளை விட்டுப்போன புத்தக அலமாரியை எதிர்ச் சுவரில் நிறுத்தி, பழைய வீட்டின் காது மந்தத்தைத் தவணையில் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பிள்ளை பொங்கலுக்கு வந்தான். ஒரு பாட்டு முழுதும் உட்கார்ந்து கேட்டான், "சூப்பர்ப்பா" என்றான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, அதிலிருந்து மொச்சைக்கொட்டை அளவில் இரண்டைக் காதில் செருகிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். வெளிச்சத்தத்தை ஒழித்துக்கட்டும் கருவியாம் அது. நான் காசு கொட்டி வரவழைத்த சத்தத்தை ஒழிக்க அவன் தனியாகக் காசு கொட்டியிருக்கிறான்.

எல்லாரும் தூங்கப் போன ஒரு ராத்திரி ஆம்ப்ளிஃபயரில் பேலன்ஸ் குமிழ் இருப்பது கண்ணில் பட்டது. சும்மா வலப்பக்கம் முழுக்கத் திருப்பினேன். ஆயிரம் தரம் கேட்ட பாட்டு, பாதியைக் காணோம். கிதார் இல்லை, பேஸ் மெலிந்துவிட்டது. இதுவரை கூட்டத்தில் மறைந்திருந்த ஒரு புல்லாங்குழல் தனியாக நின்று ஒரு வழி போய்த் திரும்பியது. அம்மா அடுப்படியில் முணுமுணுத்தது அதுதான். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. விடிய விடிய ஒவ்வொரு பாட்டாக வலப்பக்கம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். தங்கைக்குப் போன் பண்ணிச் சொன்னபோது, "பெட்டியை மாத்தி வெச்சிருந்தா உனக்குப் புல்லாங்குழல் வந்திருக்கும்" என்றாள்.

போன மாதம் பக்கத்து வீட்டில் காதணி விழா. சவுண்டு சர்வீஸ் வேனில் வந்து இறங்கியது. எங்களை ஆம்ப்ளிஃபயருக்குக் காவல் வைத்தவரின் மகன், எல்.இ.டி. சுவர், டி.ஜே. விளக்கு என்று கால மாற்றத்துக்கு ஈடு கொடுத்திருக்கிறான். ஒரு பிளக் பாயிண்ட் கேட்டு உள்ளே வந்தவன் டவர்களைப் பார்த்து நின்றான்.

"எத்தினி வாட்டு சார்?"

"அறுபது."

வீட்டில் துக்கம் என்று கேள்விப்பட்டவன் முகத்தில் வருகிற மரியாதை அவன் முகத்தில் வந்தது. ஒரு பாட்டு போட்டேன். நின்றபடியே பாதி வரை கேட்டான். "நல்லா கீது சார், பாடுறவங்க மூச்சுகூடக் கேக்குது" என்றான். பிறகு வாசல் வரை போய்த் தெருவில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். "ஆனா வெளிய ஒண்ணும் கேக்கலியே சார்."

கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் திரைச்சீலை என்று விளக்கினேன். அவனுக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. பேச்சை மாற்ற, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார், முட்டிதான் மடங்கவில்லை, மற்றபடி நாளெல்லாம் பாட்டுதான் என்றான்.

"நம்ம கடை பாக்ஸ் எதுனா குடுத்திருக்கியா?"

"குடுத்தா வாணாங்கிறாரு சார். அதே எட்டு இஞ்சு ஸ்பீக்கரு, பானை மேல வெச்சுக் கேக்குறாரு. வருசா வருசம் பொங்கலுக்குப் பானையை மட்டும் புதுசா மாத்துவாரு. போன வருசப் பானைல பேஸ் கம்மின்றாரு."